மூன்றாவது பூட்டு

ஓஸ்ட்ராவாவில், ஏழாவது மாடி.
த்ரஹோமிரா கதவைத் திறக்குமுன்
மூன்று பூட்டுகள் தனித்தனியே முனகின.

கணினி எழுந்திருக்க இருபது நிமிஷமாகும் என்றாள்.
அதற்குள் ஒரு காப்பி,
பூனையின் சிறுநீரகக் கல் பற்றி முழு விவரம்.

ஆன்ட்டிவைரஸ் ஒன்று மருமகன் போட்டது.
ஒன்று வங்கியில் சொன்னார்களென்று போட்டது.
ஒன்று கண்ணயர்ந்தால் மற்றது விழித்திருக்குமே.

இரண்டும் கண்ணயரவில்லை.
இது ஒரு கோப்பைத் திறக்கும்,
திறப்பவன் யாரென்று அது பிடரியைப் பிடிக்கும்,
பிடித்த கை யாருடையதென்று
இது மறுபடி.
விசிறிக்குத்தான் மூச்சு வாங்கியது.

பதிவுகளைப் புரட்டினேன்.
பதினோரு மாதத்தில் திருடன் என்று ஒருவனும் வரவில்லை.
சிறைப்பட்டவை:
இதன் நான்கு கோப்புகள், அதன் ஆறு,
நடுவில் அகப்பட்ட
குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர்க் கணக்கு.

ஏதாவது ஒன்றுதான் இருக்கலாம், எதை எடுக்கட்டும்?

காப்பிக் கோப்பையை
மேஜையில் அரைச்சுற்று திருப்பினாள்.
"மருமகனுடையதை.
மார்ச்சிலிருந்து அவன் மருமகனில்லை.
அந்த மூன்றாவது பூட்டு
அவனுக்காகப் போட்டதுதான்."

கடவுச்சொல் கேட்டது.
அவளுக்குத் தெரியாது.
மகளுக்கு போன் போட்டு,
அவள் தயங்கி, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்:
அவர்கள் திருமண நாள்.

மறுபடி எழ நாற்பது நொடி.
காப்பி இன்னும் சூடாகவே இருந்தது.