நில்

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
பேருந்து ஓட்டியது போதுமென்று இறங்கிவிட்ட யூலோ பிஹ்லாக்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
படிவத்தில் ஒரு கட்டம்: புகைப்பதுண்டா?
இல்லை என்று எழுதினார்.
பதினோரு வருஷமாக அது பொய்யில்லை.

மூன்று வாரம் கழித்து
மாரிக்கா திரையை அவர் பக்கம் திருப்புகிறாள்.
"இரத்தம் வேறு மாதிரி சொல்கிறதே."
டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள்
ஒரு காலத்தில் தன்னை எப்படிப் பார்த்தார்களோ
அப்படியே அவர் அவளைப் பார்க்கிறார்.

என் மொழியில் இதைச் சொல்வது சுலபம்.
மெய்யின் தலையில் ஒரு புள்ளி,
இருந்தால் எழுத்து வாயை மூடிக்கொள்ளும்.
'நில்' என்பதில் புள்ளியை மட்டும் ஊதிவிடுங்கள்:
நில.
யார் நிற்பார்கள்?
மரபணுவின் மேலும் புள்ளிகள் உண்டு.
புகை சிலதை அழிக்கும்;
விழித்துக் காவல் இருக்க வேண்டியதன் தலையில்
புதிதாக ஒன்றை வைத்துத் தூங்கவும் வைக்கும்.
(எழுத்தையே உடைப்பதும் உண்டு. அது வேறு கணக்கு.)

யூலோவுக்குத் தமிழ் தெரியாது.
"டிப்போவில் கண்ணாடியில் சாக்பீஸால் போடுவீர்களாமே,
இந்த வண்டி வெளியே போகக் கூடாது என்று.
அந்தக் குறிதான்," என்கிறாள்.
அவருக்குப் புரிகிறது.
பிரேக் பிடிக்காத வண்டி
அதிகாலையில் தானாகக் கிளம்புவது கண்ணில் தெரிகிறது.

வோரு வழித்தடம், முப்பத்துநாலு வருஷம்.
ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் ஒன்று.
காற்றடித்தால் கைக்குள் பொத்தி, இரண்டு.

"நிறைய குறிகள் திரும்பிவிட்டன.
சில திரும்பவில்லை. இனித் திரும்பாது போலிருக்கிறது."
"அப்படியானால் எனக்கு வருமா?"
எது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.
"விடாமல் இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல்.
தொடாதே இருந்தவரைவிடவும் கூடுதல்தான்.
நடுவில் எங்கேயோ இருக்கிறீர்கள்."
"நடுவில் இறங்க முடியாது,"
என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி முடிய நேரமாயிற்று.

கையுறையைப் போட்டுக்கொண்டு கதவு வரை போனவர்
திரும்பி வந்தார்.

"எண்ட்லாவின் இரத்தம் உங்களிடம் இருக்கும்.
என் மனைவி. சாகுமுன் கொடுத்தாள்.
அவள் ஒன்றுகூடப் பிடித்ததில்லை.
சமையலறையில் எனக்கு எதிரே உட்காருவாள்.
குளிர்காலம். ஜன்னலைத் திறக்க மாட்டோம்."

அடுத்தவர் விவரம் சொல்லக் கூடாது என்பது விதி.
மாரிக்கா அதைச் சொல்லவில்லை.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.