வெந்தயத் தண்ணி நிறம்

நீலம் வேண்டாம் என்றுதான் போனேன்.

மேலூர்க்காரரிடம் வாங்கிய வேகன் ஆர்.
ஸ்டியரிங்குக்குப் பின்னால்
கல்யாண மண்டபத்து சீரியல் செட் மாதிரி
மீட்டர் முழுக்க நீலம் போட்டிருந்தார்.
பகலில் தெரியாது.
ராத்திரி பதினொன்றுக்கு அவனியாபுரம் தாண்டினால்
உள்கண்ணாடியில் என் முகம்
ஐஸ்பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.
ஏர்போர்ட்டில் ஏறிய துபாய்க்காரர் ஒருவர்
காரியாபட்டி வரைக்கும்
ஜன்னலைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தார்.

பழங்காநத்தத்தில் கோவர்த்தனன் கடை.
ஷட்டர் எப்போதும் பாதி இறங்கியிருக்கும்.
டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டே
"என்ன கலர்க்கா?" என்றான்.
அட்டையில் குத்தி வைத்த எல்ஈடி மணிகளை
பேட்டரியில் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.
வெள்ளை, பல் ஆஸ்பத்திரி.
பச்சை, ஏடிஎம் வாசல்.
சிவப்பு, வழியெல்லாம் பிரேக் போடச் சொல்லும்.
"வேற?"
"வேறன்னா ஆகாசத்துலதான்க்கா."

ராத்திரி ஊறப்போட்டுக்
காலையில் சூட்டுக்குக் குடிப்பேனே,
அந்த வெந்தயத் தண்ணி நிறம் என்றேன்.
சிரிக்கவில்லை.
கண்ணாடி பெயிண்டில் மஞ்சள் நாலு சொட்டு,
ஆரஞ்சு ஒன்று குழைத்து
காது குடைகிற பஞ்சுக்குச்சியால்
வெள்ளை மணி எட்டுக்கும் பூசினான்.
காய அரைமணி.

அதற்குள் மீட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.
முள்ளைப் பிடுங்கும் முன்
அது படுத்திருந்த இடத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி.
"இது தப்புச்சுன்னா
வண்டி ஆயுசுக்கும் பொய் சொல்லும்."

டயலைத் தூக்கியவன் நின்றுவிட்டான்.
போன் டார்ச்சை என் கையில் கொடுத்தான்.

இஞ்சின் படம் போட்ட சின்ன ஜன்னல்.
அதன் முதுகில்
நகத்தளவு கறுப்பு டேப்.
ஓரம்கூடச் சுருளாமல்
அளந்து வெட்டி ஒட்டியிருந்தது.

"ஒரு வார்னிங் லைட்டும் எரியாது, பாத்துக்கங்க"
என்று சாவியைத் திருகிக் காட்டினாரே.
பொய்யில்லை.
எரியவில்லைதான்.
அன்றைக்குக் கரும்புச்சாறுகூட அவர் காசுதான்.

சாவி போட்டதும் ஒரு நொடி எரிந்து
அணைய வேண்டுமாம்.
எரியாததே அடையாளம் என்றான் கோவர்த்தனன்.
இல்லாததை எப்படிப் பார்ப்பது,
யாராவது சொல்லாமல்?

பதினாலு மாதம்.
கப்பலூர் டோல்கேட், நத்தம் ரோட்டுப் பாலம்,
திண்டுக்கல்லுக்கு ஓட்டிப் போன இரண்டு பிரசவம்.
பூட்டிப் போன வீட்டுக்குள்
போன் அடித்துக்கொண்டே இருப்பதைப்போல
அது பாட்டுக்கு எரிந்துகொண்டே வந்திருக்கிறது.
நான் நீலத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"பிரிக்கவா, இருக்கட்டுமா?"
கிண்டலாகக் கேட்கவில்லை.
வண்டியைத் தள்ளிவிடப் போகிறவர்கள்
இருக்கட்டும் என்பார்களாம்.

பிரி என்றேன்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.
"இதுவும் அதே மஞ்சள்தான்க்கா.
எல்லாம் ஒண்ணாத் தெரியும்.
பேசாம பச்சை போட்டுருவமா?"
தகரத்தட்டில் எட்டு மணிகள்
காய்ந்து கிடந்தன.
நம்மளைக் கொஞ்சம் மங்க வை,
அது சத்தமா எரியட்டும்.
ரெசிஸ்டர் ஒன்றைத் தேடி எடுத்துப் பற்றவைத்தான்.

ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம்.
போன் அறுபது என்றது, முள் அறுபத்திரண்டு.
"பயந்த முள்ளு. நல்லதுதான்."

கூலி எழுநூறு.
ஆக்சிஜன் சென்சாராம்,
அது இரண்டாயிரத்து எண்ணூறு.
நர்ஸ் பிள்ளைகள் மாதக் காசு தருவது
அஞ்சாம் தேதி.

இன்றைக்கு இரண்டு.
மாட்டுத்தாவணியில் ஏறியவள்
செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறாள்.
கண்ணாடியில் என் முகம் முகமாக இருக்கிறது,
லேசாக மஞ்சக்காமாலை வந்தாற்போல.
விரகனூர் ரவுண்டானாவில் வளைக்கையில் விழித்து
முன்னால் எட்டிப் பார்க்கிறாள்.
"அக்கா, என்னமோ எரியுதே?"

தெரியும்டி.
அஞ்சாம் தேதி வரைக்கும் எரியும்.
நீ தூங்கு.