மார்கழிக் கணக்கு

வானிலைக்காரர்கள் இருபத்தோரு டிகிரி என்பார்கள்.
நான் மீட்டரைப் பார்த்துச் சொல்வேன்.

அயனாவரத்தில் பதினான்கு தெருக்கள் என் பொறுப்பு.
மாடிப்படிக்கு அடியில்
சைக்கிளை நகர்த்தி, ஒட்டடையை விலக்கி
எண்ணைப் படித்து
வெள்ளை அட்டையில் எழுதுகிறவன்.
சித்திரையில் பதறிப் பதறித் துடித்த சிவப்புப் புள்ளி
இப்போது யோசித்து யோசித்துக் கண் சிமிட்டுகிறது.

ஏசி ரிமோட்டுகள் பாலித்தீன் உறையில் தூங்குகின்றன.
ஊரே குரங்குக் குல்லாய்க்குள் இருக்கிறது.
தில்லியிலிருந்து வந்த யாரோ ஒருவர்
'இதுக்குப் பேர் குளிரா?' என்று சிரிக்கிறார்.
சிரிக்கட்டும்.
கடலுக்குப் பக்கத்துக் குளிர் வேறு.
ஈரத்துணி மாதிரி முதுகில் ஒட்டும்.
மொசைக் தரையில் பதுங்கியிருந்து
வெறுங்காலைப் பிடிக்கும்.

முதல் மாடி ரஹிமத்து பீவி வீட்டில்
கீசர் ஒரு தடவைதான்.
ஐந்து பேர், ஒரே கொதி.
'வரிசை தப்பினா பச்சைத் தண்ணிதான்' என்று
குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.
எதிர்வீட்டு ஜெயசீலன் குளிப்பதே மதியம் இரண்டு மணிக்கு.
மொட்டைமாடியில் கறுப்புத் தொட்டி
காலையிலிருந்து வெயில் காய்ந்து காத்திருக்கும்.
'சூரியனுக்கு ஈபி பில் கிடையாது சார்'
தலை துவட்டியபடி சொல்கிறார்,
ஒவ்வொரு தடவையும், புதிதாகச் சொல்வதுபோல.

பதினேழாம் நம்பரில் மட்டும் கணக்கு உதைத்தது.
போன தடவை நூற்றுத் தொண்ணூறு.
இப்போது அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஐந்நூறைத் தாண்டினால் விலையே வேறு.
ஒயர் கசிகிறதோ,
பக்கத்துக் கடைக்கு லைன் போகிறதோ.
பத்தொன்பது வருஷச் சந்தேகம் எனக்கு.

கதவைத் திறந்தவன் பெயர் மெய்யரசு.
சட்டைப் பொத்தான்கள் திறந்து,
நெஞ்சைச் சுற்றி ஒரு பழைய நூல்சேலை.
'சத்தம் போடாதீங்க சார்.'
சேலைக்குள் ஒரு தலை.
பெரிய சாத்துக்குடி அளவு.

ஏழரை மாசத்தில் வந்துவிட்டதாம்.
ஒன்றே முக்கால் கிலோ.
வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அடைமழை.
கதகதப்பாய் வைக்கச் சொன்னார்களே என்று
பெங்களூர் மச்சான் கொடுத்த ஹீட்டர்
இரவும் பகலும் சிவந்து கிடந்திருக்கிறது.
பிறகு எழும்பூர் நர்ஸம்மா திட்டினாராம்:
'அதை முதல்ல அணை.
உன் நெஞ்சு எதுக்கு இருக்கு?'
இரவு அவள். பகல் இவன்.
மெய்யோடு மெய்.

'அடுத்த தடவை பாருங்க சார், இறங்கிடும்.'
'எது?'
'யூனிட்டு.'
கொஞ்சம் யோசித்து,
'வெயிட்டு ஏறிடும்' என்றான்.

அறுநூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினேன்.
குறைத்து எழுத எனக்கு அதிகாரமில்லை.
பேனாவைச் சத்தமில்லாமல் மூட மட்டும்
அதிகாரம் இருந்தது.

என் வீட்டில் ஃபேன்தான் சண்டை.
கொசுவுக்கு வேண்டும், குளிருக்கு வேண்டாம்.
புரசைவாக்கத்தில் வாங்கிய வலையைக் கட்டி
போன வாரம் சமாதானம் செய்தாள் புஷ்பராணி.
ஜன்னல் இடுக்கில் மடித்த செய்தித்தாள்,
தலைமாட்டில் பிளாஸ்க்கில் சுக்குக் காபி,
கீழே இரண்டாக மடித்த ஜமுக்காளம்.
விளக்கை அணைத்ததும்
பாதாளத்திலிருந்து எடுத்த மாதிரி இரண்டு பாதங்களை
என் கெண்டைக்காலில் வைத்தாள்.

'இலவச நூறு யூனிட்ல இது சேருமா?'

அட்டையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
அதற்குள் தூங்கிப்போனாள்.

பால் வண்டி வரும்வரை
கால் மரத்துத்தான் கிடந்தது.
நகர்த்தவில்லை.