ஒன்பதாம் நாள்

டன்டினோங் தெற்கில்
இரவு பத்து மணிக்குக் கையுறை மாட்டுகிறேன்.
பாண் தொழிற்சாலை, மூன்றாவது வரிசை,
அச்சிலிருந்து பாண் கழன்று விழும் இடம்.

ஒன்பது வருடம்
அந்த மணம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது,
விடியப்புறம் மூன்று மணிக்கு,
உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல.
நான் போனேன்.
ஓரம் கருகியதென்று ஒதுக்கிய பாண்,
அதன்மேல் மார்ஜரின், அதன்மேல் சீனி.
உடை மாற்றும் அறையில் நின்றபடி ஒன்று,
காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொன்று.
வீட்டுக்கு வந்தால் வெயில், திரைச்சீலை, வராத நித்திரை.

வாயைக் கட்டு என்றார்கள்.
அக்கா வெந்தயம் ஊறவைக்கச் சொன்னாள்.
கோயிலில் ஒருத்தி தேசிக்காய்த் தண்ணி என்றாள்,
கையில் இரண்டு மோதகத்தோடு.
நாற்பது நாள் கட்டினேன். ஆறு கிலோ போனது.
தைப்பொங்கலுக்குள் ஏழாகத் திரும்பியது.

டொக்டர் பப்பாஸ்
ரத்தச் சோதனைத் தாளின் பின்பக்கத்தில்
ஒரு வயிறு வரைந்தார், கத்தரிக்காய்போல.
மேலே ஒரு மூளை, பூக்கோவாபோல.
பார்க்கவே பசித்தது.

வெறும் வயிறு
கிரெலின் என்று ஓர் ஆளை மேலே அனுப்புமாம், கதவு தட்ட.
கொழுப்பு லெப்டின் என்று கடிதம் போடுமாம்:
இங்கே நிறைய இருக்கிறது, இனி அனுப்பவேண்டாம்.
என்னுடையது கட்டுக்கட்டாய் எழுதியிருக்கிறது.
மேலே ஒருவரும் பிரிக்கவில்லை.
இரவில் விழித்துப் பகலில் புரளும் உடம்பில்
தட்டுகிறவன் இன்னும் பலமாய்த் தட்டுவானாம்.
போன ஆறு கிலோவையும்
களவுபோன நகைபோல உடம்பு தேடித் திரியுமாம்,
அடுப்பைத் தணித்துவைத்து,
கிடைத்ததையெல்லாம் முந்தானையில் முடிந்து.

அழுதேன். வெட்கத்தில் இல்லை.
இவ்வளவு காலம் என் குணமென்று நினைத்தது
ஒரு தபால் கோளாறு என்றதில்.

பிறகு ஊசி.
வெள்ளிக்கு வெள்ளி, தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி.
முதல் மாதம் குமட்டல்.
இரண்டாம் மாதம் ஒரு சத்தம் நின்றது.
குளிர்ப்பெட்டி சட்டென்று ஓய்ந்தபிறகுதான்
இவ்வளவு நேரம் அது இரைந்தது தெரியுமே, அப்படி.

மூன்று மணிக்குப் பாண் வந்தது.
மாவும் நெருப்பும், அவ்வளவுதான்.
எவருடைய பெயரையும் அது சொல்லவில்லை.
என்ன சிரிக்கிறாய் என்றாள் பக்கத்தில் நின்ற ஃபரிபா.

பதினாலு கிலோ இறங்கியது.
கூடவே உப்புப் பார்க்கும் நாக்கும் போய்விட்டது.
கணவாய்க் கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டேன்.
ஜெயசீலன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தார்.
சனிக்கிழமை மீன்சந்தைக்கு அவர் தனியே போகிறார்.
சாப்பிட்டியா என்று அக்கா தொலைபேசியில் கேட்டால்
யோசித்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.
பசி வந்தால் பத்தும் பறக்கும்.
பசி போனால் எது எது பறக்குமென்று
எண்ணி வைத்தவர்கள் இல்லை.

இந்த வெள்ளி
மருந்துக்கடைப் பிள்ளை கையை விரித்தது.
இருப்பு முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வரலாம்.
எட்டாம் நாள் ஒன்றுமில்லை.
ஒன்பதாம் நாள், மூன்று மணி ஏழு நிமிடம்,
பழைய கடன்காரன்போல வரிசையில் வந்து நின்றது.
யசோதினி, என்றது.
குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

கருகியதில் ஒரு துண்டு எடுத்தேன்.
இடைவேளை அறைக்குப் போய்
கதிரையை இழுத்து, இருந்து,
சீனி இல்லாமல்,
ஒரு மனிசி சாப்பிடுவதுபோல மென்றேன்.

ஒன்பது வருடம் தின்ற பாண்.
உப்புச் சற்றுக் குறைவு.

இதை ஜெயசீலனுக்குச் சொல்லவேண்டும்.
மேலே இரண்டாம் துண்டுக்குத் தட்டுகிறான்.
கேட்கிறது.
நான் இன்னும் எழும்பவில்லை.