இங்கே பத்தரை

ஜூலை முப்பத்தொன்று.
நள்ளிரவுவரை அவகாசம் என்கிறது அறிவிப்பு.
யாருடைய நள்ளிரவு என்று சொல்லவில்லை.
அங்கே பன்னிரண்டு அடித்தால் இங்கே பத்தரை.
இப்போது பத்து நாலு.
கராமாவில் ஒரு பிரியாணிக் கடையின் பின்வாசல்,
ஏசி வெளியே துப்பும் சூட்டில் நிற்கிறேன்.
ஆர்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது.
பைக் சீட்டில் சாய்த்துவைத்த கைப்பேசியில்
வருமான வரிப் படிவம்.

ஆடிட்டர் ஆயிரத்தைந்நூறு கேட்டார்.
வரப்போவதே மூவாயிரத்துக்குள்.
நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்,
ஏதோ சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி.

முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது:
வேலை தருபவர் யார்?
ஆப் என்னைப் பார்ட்னர் என்கிறது.
பார்ட்னருக்கு லாபத்தில் பங்கு உண்டா என்று
படிவம் அடுத்துக் கேட்குமோ எனப் பயந்து
'மற்றவை' என்பதைத் தொட்டேன்.

இந்த ஊரில் என் சம்பாத்தியத்துக்கு வரி கிடையாது.
பைக் வாடகை உண்டு, சிம்முக்கு உண்டு,
விசாவுக்கு மாதத் தவணை உண்டு,
இரண்டு நிமிடம் பிந்தினால் அதற்கொரு கழிவு.
இதையெல்லாம் திருப்பிக் கேட்கப் படிவம் இல்லை.
அங்கே பிடித்ததற்கு இருக்கிறது.
அதற்காகவாவது நிரப்ப வேண்டும்.

சென்ற ஆண்டு இந்தியாவில்
எத்தனை நாள் இருந்தீர்கள்?

பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.
டிசம்பர் பத்தொன்பது, திருவனந்தபுரம், முத்திரை.
ஜனவரி பதினெட்டு, இன்னொரு முத்திரை.
விரல்விட்டு எண்ணினேன், கையுறையைக் கழற்றி.
முப்பத்தொன்று.
குடியிராதவர் என்று அதுவே எழுதிக்கொண்டது.
ஆறு பேர் அறையில் மேல் கட்டிலில் குடியிருப்பவரை
வேறு எப்படி எழுதுவது என்று அதற்கும் தெரியாது.

மொத்த வட்டி ஒன்பதாயிரத்து நானூற்று இருபது.
வங்கி பிடித்தது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது.
திரும்ப வரவேண்டியது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
மீண்டும் பார்த்தேன். நாற்பதுதான்.
பத்தின் மடங்காக்குவார்களாம்.
இந்த வாரம் எனக்கு யாரும் தந்த
முதல் டிப்ஸ் அது.

ஓ.டி.பி. அனுப்பப்பட்டது.
பழைய நம்பருக்கு. அது மார்த்தாண்டத்தில்
ஷெர்லினின் தலையணைக்கடியில் இருக்கிறது.
வாட்ஸாப்பில் குரல் போகாது இங்கே,
காசு போட்டுத்தான் அழைக்க வேண்டும்.
இந்த நேரத்தில் மணி அடித்தால்
ஒன்று விபத்து, இல்லை ஓ.டி.பி.
அவளுக்குத் தெரியும். இருந்தாலும்
'ஹலோ'வுக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது.

கண்ணாடியைத் தேடினாள். லைட் போட்டாள்.
ஏழு, பூஜ்யம், நாலு,
இருங்க, நாலா ஒன்பதா,
நாலுதான்.
நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்,
எத்தனை நாள்னு போட்டீங்க?
முப்பத்தொன்று.
முப்பதுதான்.
பத்தொன்பதாம் தேதி உங்க பிளைட் எறங்கவே பதினொன்னே முக்கால்.
பெட்டி வந்து நீங்க வெளிய வரும்போ
இருபது ஆயாச்சு. நான் கேட்டுக்கு வெளிய நின்னேன்ல்லா.

சட்டம் கால் மணி நேரத்தையும்
ஒரு நாள் என்று எடுத்துக்கொள்கிறது, சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
அப்போ சட்டம் நல்லதுதான், என்றாள்.

சமர்ப்பிக்கப்பட்டது. பத்து இருபத்தெட்டு.
பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்து சுழன்றது.
உள்ளேயிருந்து என் ஆர்டர் நம்பரைக் கத்தினார்கள்.
பார்சலின் அடியில் சூடு, மூடியில் ஈரம்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே அவளை இடுக்கிக்கொண்டு
பெட்டியைப் பூட்டினேன்.

பணம் எப்ப வரும்?
தெரியாது.
கூட ஒரு ரூபாய் போட்டுத் தருகிறார்கள் என்றேன்.
எதுக்கு என்று கேட்கவில்லை.
அந்த ஒரு ரூபா எனக்கு, என்றாள்.

சரி.
அவள் வைத்த பிறகும் ஹெல்மெட்டை மாட்டாமல் நின்றேன்.
ஆப்பில் நேரம் சிவப்பாக ஓட ஆரம்பித்திருந்தது,
இந்த ஊர் நேரம்.