மூன்று பை

கட்டபெட்டு முக்கில் எங்கள் டீக்கடை.
ஆறு மணிக்கு ஊட்டி வண்டி,
ஆறேகாலுக்குக் கோத்தகிரி வண்டி.
இறங்கி வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு
இப்போதெல்லாம் நான்
முழங்கை மடிப்பைத்தான் பார்க்கிறேன்.
எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள்.
ஒன்றும் தெரிவதில்லை.

ஐப்பசி மழையில் மகள் பிறந்த இரவு
குன்னூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
என்னைவிட்டு நான் வழிந்துகொண்டிருந்தேன்.
பர்லியாறு பக்கம் மண் சரிந்து
கீழே போகிற வழி அடைப்பு.
ஊட்டியிலிருந்து ஐஸ் பெட்டியில்
மூன்று பை வந்தது.
மேலே ஒரு எண், ஒரு தேதி, ஓ நெகட்டிவ்.

"யாருது சிஸ்டர்?" என்றேன், நினைவு வந்ததும்.
"அதெல்லாம் சொல்லக்கூடாது" என்றார் லீலாம்மா.
"மூணு பேருது. அவ்வளவுதான்."

மூன்று பேர்.
இந்த மலையில்தான் எங்கேயோ.

டீயில் சீனி கூடப் போட ஆரம்பித்தேன்.
நாற்பது ரூபாய் பாக்கி வைத்த பிளம்பர் தேவசகாயத்தைத்
திட்ட வாயெடுத்து,
ஒருவேளை இவனோ என்று
வர்க்கியை எடுத்து நீட்டினேன்.
பயந்துபோய்ப் பாக்கியைக் கொடுத்துவிட்டான்.

இரவெல்லாம் கேரட் கழுவி
விரல் விறைத்து வரும் பையன்கள்.
சீட்டுப் பணத்துக்கு வரும் போஜண்ணன்.
எல்லைக் கல்லை எங்கள் பக்கம் தள்ளி நட்ட ருத்ரம்மா.
கடவுளே, அவளாக மட்டும் இருக்கக்கூடாது
என்று வேண்டிக்கொண்டேன்.
வேண்டிக்கொண்ட பாவத்துக்கு அன்று
அவளுக்கு ஒரு கிளாஸ் பால், காசில்லாமல்.
"என்னடி, விஷமா?" என்றாள்.
குடித்தாள்.

தடுப்பூசிக்குப் போனபோது லீலாம்மா சொன்னார்:
"அந்த ரத்தம் நூத்தியிருபது நாள்தான் தாங்கும்.
அப்புறம் எல்லாம் உன் சொந்தம்."
காலண்டரில் வட்டம் போட்டேன்.
மாசியில் ஒரு புதன்கிழமை.
கடன் தீரும் நாள்.

செவ்வாய் இரவு தூக்கமில்லை.
யாரையோ பஸ் ஏற்றிவிடத் தயாராகும் வீடு மாதிரி
இருந்தது உடம்பு.
விடிந்ததும் போன் போட்டேன்.
"அவங்க போயிட்டாங்களா சிஸ்டர்?"

சிரித்தார்.
"செல்லு சாகும். அதுல இருக்கிற இரும்பு எங்க போகும்?
உடம்பு விடாது பெண்ணே.
எடுத்து அடுத்ததுக்குக் கொடுத்துடும்."

யார் வீட்டுக் கீரையின் இரும்போ.
எந்த ஓடைக்கரை மண்ணில் கிடந்ததோ,
எந்த மழை கரைத்துக் கொடுத்ததோ,
யார் குந்தி உட்கார்ந்து அந்தக் கீரையை ஆய்ந்தார்களோ.
கணக்குப் போட்டுப் பார்த்தால்
மூன்று பேரோடு நிற்கவில்லை.
மடியில் கிடந்தவள்
அதில் ஒரு பொட்டைக் குடித்துக்கொண்டே
என்னைப் பார்த்தாள்.

வெளியே ஹாரன்.
பனிக்குள்ளிருந்து முதல் ஆளாக
ருத்ரம்மா வருகிறாள், கையைத் தேய்த்துக்கொண்டு.

கல் இன்னும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது.
அதைப் பற்றி மத்தியானம் பேசுவேன்.
இப்போது பால் பொங்குகிறது.