கடல் மாதிரி

சித்ராவில் வேலை என்றதும்
"யாருப்பா அந்தப் பொண்ணு?" என்றான் மைத்துனன்.
தீவு என்றேன். பஹ்ரைனின் கிழக்கோரம்.
பாலம் தாண்டினால் எண்ணெய்த் தொட்டிகள்,
தொட்டிகள் தாண்டினால் வேலி.
வேலிக்கு அந்தப் பக்கம் துணி காய்கிறது, பள்ளி விடுகிறது.
இந்தப் பக்கம்
பகலிலும் அணைக்காத ஒரு தீ.

என் வேலை புட்டி.
பழுப்புக் கண்ணாடி, ஒரு லிட்டர்.
ஆலையின் கழிவாய் கடலைத் தொடும் இடத்தில்
இடுப்பளவு இறங்கி
அமுக்கி, நிரப்பி, மூடி,
தேதி, நேரம், கையெழுத்து.
ஆய்வகத்தில் இதற்கு வேறு பெயர்.
தமிழில் சொன்னால் கடல் மாதிரி.
எனக்கு மட்டும் சிரிப்பு வரும்.
கடல் மாதிரிதான் இருக்கும் அது.

இப்போது விரிவாக்கம். மூன்றாவது அலகு.
இன்னும் இரண்டு புகைபோக்கி, இன்னொரு தீ.
அறிக்கைக்கு முப்பத்தாறு புட்டிகள் வேண்டும்.
"ஏற்றத்தில் எடு" என்றார் மேலாளர் தேஷ்முக்.
காரணம் சொல்லவில்லை.
கடல் நிறைய வரும் நேரத்தில்
நம்முடையது கொஞ்சமாய்த் தெரியும்,
இதற்கு ரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை.
என் விசா மார்ச்சில் முடிகிறது.
புதுப்பிக்கும் தாளில் அவர் கையெழுத்து வேண்டும்.
முப்பத்தாறும் ஏற்றத்தில் எடுத்தேன்.
முப்பத்தாறும் பாஸ்.

ஊர்க்கூட்டம் பெண்கள் பள்ளியில்.
புரொஜெக்டரைச் சுமந்துபோனது நான்.
திரையில் பச்சைக் கோடுகள், நீலக் கோடுகள்,
எல்லாம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே
நல்ல பிள்ளைகளாய்ப் படுத்திருந்தன.
ஹாஜி மர்ஹூன் எழுந்தார்,
பொறியில் அன்று விழுந்த மூன்று மீன்களை
செய்தித்தாளோடு மேசையில் வைத்தார்.
"ஸாஃபி" என்றார். அவ்வளவுதான் பேசினார்.
நம் பக்கத்து ஓரா.
உள்ளங்கையளவுகூட இல்லை.
ஏசிக் குளிரிலும் டீசல் வாடை.
தேஷ்முக் கைக்குட்டையை எடுத்தார்,
மூக்குக்கா முகத்துக்கா என்று முடிவெடுக்காமல்
மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு கறுப்பு அபாயா.
மஅசூமா, அந்தப் பள்ளியிலேயே ரசாயன ஆசிரியை.
ஆஸ்துமா பற்றிக் கேட்பார் என்று
பதில் தயாராக இருந்தது எங்களிடம்.
அவர் கேட்டார்:
"எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
ஆறு வருடத்தில் முதல் தடவை.
"பன்னிரண்டாம் தேதி. காலை ஒன்பது நாற்பது."
அவர் போனில் எதையோ தேடினார்,
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
கோபமாகக்கூட இல்லை,
விடைத்தாளில் தப்பு எங்கே என்று
கண்டுபிடித்துவிட்ட பார்வை.
சிறிய நோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை விடுமுறை.
வற்றம் பின்னேரம் மூன்றேகாலுக்கு.
யாரும் அனுப்பாமல் போனேன்.
கழிவாய் முழுசாய் வெளியே தெரிந்தது,
உதடு கறுத்த வாய்.
கணுக்காலளவு தண்ணீர், சுடுதண்ணீர்.
மேலே ஒரு நிறம்,
புடவைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே,
அழகாய்த்தான் இருந்தது, என்ன செய்ய.
ஒரு நண்டு அதைச் சுற்றிக்கொண்டு போனது.
புட்டியை அமுக்கினேன்.
முப்பத்தேழு.

அறையில் ஆறு பேர், ஒரே ஃபிரிட்ஜ்.
தயிர்ப் பாக்கெட்டுக்கும் பினோயின் மீன் கறிக்கும் நடுவே
புட்டி நிற்கிறது.
யாராவது தாகத்தில் எடுத்துவிடப் போகிறார்கள் என்று
டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன்,
தமிழில், மலையாளத்தில், தெரிந்த அளவு இந்தியில்:
குடிக்காதே.
எந்தப் புட்டியிலும் இதுவரை
இப்படி எழுதியதில்லை.

அமிலம் சேர்க்காத மாதிரி ஏழு நாள் தாங்கும்.
இன்று நாலாம் நாள்.
பள்ளி இங்கிருந்து எட்டு நிமிட நடை,
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
"இதை எப்போ எடுப்பே சேட்டா?" என்கிறான் பினோய்,
"சட்டி வைக்க இடமில்லை."
நாளைக்கு என்கிறேன்.
நேற்றும் அதைத்தான் சொன்னேன்.